ஆளோடு விற்கிற வீடு

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ரெமிஜியசும் ஐரினும் வீடு பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். வாங்குவதற்கு என்று நினைத்துவிடாதீர்கள். விலை கணிப்பதற்கு. காக்ஸ் டவுனில் எந்தக் கேட்டில் 'விற்பனைக்கு' என்று பலகை தொங்கினாலும் இருவரும் உள்ளே நுழைந்துவிடுவார்கள். ரெமிஜியஸ் விரல் முட்டியால் சுவரைத் தட்டுவார். ஐரின் சமையலறைக் குழாயைத் திறந்து, தண்ணீர் எவ்வளவு வேகமாக விழுகிறது என்று பார்ப்பாள். தெருவுக்கு வந்த பிறகு ஆளுக்கு ஒரு விலை சொல்ல வேண்டும். அப்புறம் புரோக்கரிடம் உண்மையான விலையைக் கேட்பார்கள். யார் சொன்னது ரொம்பத் தள்ளிப் போகிறதோ, அவர் மற்றவருக்குப் பேக்கரியில் பஃப் வாங்கித் தர வேண்டும். இருபது வருடத்தில் ஐரின் பஃப் வாங்கித் தந்ததை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

"உனக்கு மட்டும் எப்படிடி தெரியுது?" என்பார் ரெமிஜியஸ், பஃப் துணுக்குகளை மீசையிலிருந்து தட்டிக்கொண்டே.

"நான் எங்கே யோசிக்கிறேன்? பார்த்தா நம்பர் தானா வந்து நிக்குது."

கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீட்டிலேயே இருந்தவர்கள். பெரிய தொழிற்சாலையில் இன்ஸ்பெக்டராக இருந்து ரெமிஜியஸ் ஓய்வு பெற்றபோது கொஞ்சம் பணம் வந்தது. அதை வங்கியில் போட்டுவிட்டு, எந்த வீட்டுக்கும் அது போதாது என்று தெரிந்தே வீடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊரார் சிரிப்பார்கள். நீங்கள் சிரிக்க வேண்டாம், பிள்ளைகளே. சொந்த வீடு இல்லாதவர்களுக்கு அடுத்தவர் வீட்டுச் சுவரைத் தட்டிப் பார்ப்பதில் ஒரு ருசி இருக்கிறது.

அவர்கள் குடியிருந்தது வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய வரிசை வீடுகளில். ஐந்து வீட்டுக்கும் சேர்த்து மங்களூர் ஓடு வேய்ந்த ஒரே கூரை. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர்தான். அந்தப் பக்கம் ஆணி அடித்தால் இந்தப் பக்கம் சுண்ணாம்பு உதிரும். இவர்களுடையது நான்காவது வீடு. ஐந்தாவது, மூலை வீடு. இரண்டு பக்கம் வெளிச்சம், பக்கவாட்டில் ஒரு கொய்யா மரம். அதில் மௌரீன் ஆன்ட்டி தனியாக இருந்தார். எழுபத்தெட்டு வயது. பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி ஓய்வு பெற்றவர். கணவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது, பிள்ளைகள் கிடையாது.

வீடு மாமனார் கட்டியது அல்ல, வாங்கியது. அவர் உயிலில் தெளிவாக எழுதிவைத்திருந்தது தெருவுக்கே தெரியும்: மருமகள் மௌரீன் உயிரோடு இருக்கும்வரை இந்த வீட்டில் இருக்கலாம், யாரும் கிளப்பக் கூடாது, வீடு பேரன் நோயலுக்கு. நோயல், மௌரீனின் கொழுந்தன் மகன். கிறிஸ்துமசுக்குக் கேக் டப்பாவோடு வந்து, கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிற பையன்.

தொண்ணூற்று ஏழாம் வருடம், ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலம் தொடங்கிய வாரத்தில், மூலை வீட்டுக் கேட்டில் பலகை தொங்கியது.

ஐரினுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பலகையை மாட்டிக்கொண்டிருந்த புரோக்கர் கிருஷ்ணப்பா இவர்களுக்கு நன்றாகத் தெரிந்தவர்தான். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை, வாங்கமாட்டார்கள் என்று தெரிந்தும் இவர்களுக்குக் கதவு திறந்துவிட்டவர்.

"என்ன கிருஷ்ணப்பா, ஆன்ட்டி எங்கே போறாங்க?"

"எங்கேயும் போகலைம்மா. இது ஆளோட விக்கிற வீடு." அவர் கம்பியை முறுக்கிக்கொண்டே சொன்னார். "பேப்பர் எல்லாம் வாங்குறவங்க பேருக்கு மாறிடும். அம்மா அவங்க பாட்டுக்கு இருப்பாங்க. அவங்க காலம் ஆன அப்புறம் இவங்க குடி வரலாம். அதனால ஸ்வல்ப கம்மி விலை."

"எவ்வளவு?"

"நீங்களே சொல்லுங்கம்மா. உங்களுக்குத் தெரியாததா?"

ஐரின் வீட்டைப் பார்த்தாள். "காலியா இருந்தா எட்டு லட்சம். ஆளோடன்னா அஞ்சு."

"நோயல் சார் ஆறு சொல்றாரு."

அன்று மத்தியானம் சாப்பிடும்போது ரெமிஜியஸ் சிரித்துக்கொண்டே கணக்குப் போட்டார். "ஆளோட இருக்கிற வீட்டுக்கு ஏன் விலையைக் குறைக்கிறாங்க? காத்திருக்கணுமே, அதுக்கு. ரொம்ப நாள் காத்திருக்கணும்னா ரொம்பக் குறைக்கணும். இந்தப் பய கொஞ்சமாத்தான் குறைச்சிருக்கான். அப்படின்னா என்ன அர்த்தம்?"

"என்ன அர்த்தம்?"

அவர் சொல்ல வாயெடுத்தார். சுவருக்கு அந்தப் பக்கம் மௌரீன் ஆன்ட்டி இருமுவது கேட்டது. ரெமிஜியஸ் குழம்பை ஊற்றிக்கொண்டு சாப்பிட்டார்.

அந்த வருடம் ஊர் முழுக்க வீட்டு விலை இறங்கிக்கொண்டிருந்தது. வில்லியம்ஸ் டவுனில், ரிச்சர்ட்ஸ் டவுனில், போன வருடம் சொன்ன விலைக்குக் கேட்க ஆள் இல்லை. பலகைகள் வெயிலில் வெளுத்துக்கொண்டு தொங்கின. விற்காத வீட்டின் விலை இறங்கும். யாருக்கும் தெரிந்த விஷயம். மூலை வீடும் விற்கவில்லை. ஈஸ்டருக்குப் பிறகு ஐரின் கேட்டபோது கிருஷ்ணப்பா சொன்னார்: "ஆறரை ஆயிடுச்சும்மா."

"ஏறியிருக்கா?"

"எனக்கும் புரியலை. அவர் சொல்றதை நான் சொல்றேன், அவ்வளவுதான்."

அதே வாரம் சின்னத்தாயியைத் தெருமுனைக் கடையில் பார்த்தாள். மௌரீன் ஆன்ட்டிக்குச் சமைத்து, துவைத்து, குளியலறைக்குக் கைபிடித்துக் கூட்டிப்போனவள் சின்னத்தாயிதான்.

"என்னடி, ரெண்டு வாரமா உன்னைக் காணோம்?"

"என்னைத்தான் வேணாம்னு நிறுத்திட்டாரே அந்த நோயல் மவராசன்!" சின்னத்தாயி பையைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள். "செலவாவுதாம். அம்மா தானே பாத்துக்குவாங்களாம். குளிக்கிற ரூம்ல பாசி வழுக்குதுன்னு சொன்னேன், அம்மாவால குனிஞ்சு தேய்க்க முடியாதுன்னு சொன்னேன். 'உன் வேலையைப் பாரு'ங்குறாரு. என் வேலையே அதாங்க, அதத்தான் புடுங்கிட்டீங்களேன்னேன்."

மே மாதம் மௌரீன் வீட்டு டெலிபோன் இணைப்பு போனது. பில் கட்ட மறந்துவிட்டதாக நோயல் சொன்னான். ஜூனில் முதல் பெரிய மழைக்குப் படுக்கைக்கு நேர் மேலே ஓர் ஓடு சரிந்தது. மெத்தை நனைந்தது. "ஆள் அனுப்புறேன் பெரியம்மா" என்றான் நோயல். ஆள் வரவில்லை. கிழவி ஈர மெத்தையின் உலர்ந்த ஓரத்தில் சுருண்டு படுத்தார். இருமல் நெஞ்சுக்குள் இறங்கியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணப்பா சொன்ன விலை ஏழு.

ஐரின் கேட்டருகிலேயே நின்றுவிட்டாள். ஓடு உடைந்தால் விலை இறங்க வேண்டும். ஒழுகுகிற வீட்டை எவனும் கூடுதல் விலைக்குக் கேட்கமாட்டான். இங்கே ஓடு உடைந்தது, விலை ஏறியிருக்கிறது. வேலைக்காரி போனாள், ஏறியது. டெலிபோன் போனது, ஏறியது. காலி வீட்டு விலையான எட்டுக்கு இன்னும் ஒரு லட்சம்தான் பாக்கி.

கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்ளுங்கள், கண்ணுகளா. அவளும் அப்படித்தான் மூச்சு விட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு வீட்டுக்குப் போய், செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த கணவனிடம், "ஏணி எங்கே?" என்று கேட்டாள்.

ரெமிஜியஸ் அன்றே கூரை ஏறினார். அறுபத்து மூன்று வயதில் தவழ்ந்து போய், சரிந்த ஓட்டை மாற்றி, பக்கத்து ஓடுகளையும் சரிசெய்தார். ஐரின் பிளீச்சிங் பவுடர் போட்டு குளியலறையைத் தேய்த்தாள். மெத்தையைக் கொய்யா மரத்தடியில் காயப் போட்டாள். எதற்கு என்று எப்படிச் சொல்வது? சொல்லாமலே இருந்துவிடலாம் என்று நினைத்தாள். மௌரீன் ஆன்ட்டி நாற்காலியில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவர், "எவ்வளவுக்கு வந்திருக்கேன்?" என்று கேட்டார்.

"என்ன ஆன்ட்டி?"

"எனக்குத் தெரியாதா ஐரின்? வீடு பார்க்க வர்றவன் எல்லாம் முதல்ல என் காலைத்தான் பார்க்கிறான். ஒருத்தி என் மாத்திரை டப்பாவைத் திறந்து படிச்சாள். 'பிரஷரா, சுகராம்மா?'ன்னு கேட்டாள். 'உனக்கு எது வசதி?'ன்னேன்."

ஐரினுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. சிரித்துத் தீர்த்த பிறகுதான் அந்த யோசனை வந்தது. காத்திருக்கும் காலம் கூடினால் விலை இறங்கும் அல்லவா? கூட்டிக் காட்டிவிடலாம், வாங்க எவனும் துணியமாட்டான்.

மூன்று வாரம் ஐரினின் சூப்பும் முட்டையும், சம்பளம் வாங்காமல் வந்துபோன சின்னத்தாயியின் எண்ணெய்த் தேய்ப்பும் ஆன்ட்டியை நிமிர்த்தின. அடுத்து வீடு பார்க்க வந்தது ஒரு இளம் தம்பதி. மௌரீன் ஆன்ட்டி ஈஸ்டர் புடவை கட்டி, வாசலிலேயே நின்று வரவேற்றார்.

"வாங்க வாங்க. மெதுவாப் பாருங்க, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. எங்க வீட்ல யாருக்குமே அவசரம் கிடையாது. எங்கம்மா தொண்ணூத்தாறு. சித்தி இன்னும் கோலார்ல இருக்காங்க, தொண்ணூத்தெட்டு, ஊசியில நூல் கோப்பாங்க." பேச்சோடு பேச்சாக அரை வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போய்த் தொட்டியில் ஊற்றினார். அந்த வாளிக்காகக் காலையிலிருந்து பலத்தைச் சேர்த்துவைத்திருந்தார் என்பது ஐரினுக்கு மட்டும் தெரியும்.

தம்பதி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்து வந்தவர்களும் போனார்கள். விலை ஆறானது. ஐந்தரையானது. ஆகஸ்டில் நாலரைக்கு வந்துவிட்டது. ஐரினும் ரெமிஜியசும் பஃப் வாங்கிவந்து ஆன்ட்டி வீட்டில் உட்கார்ந்து தின்றார்கள். "நாலுக்கு இறக்கிக் காட்டுறேன் பாரு" என்றார் ஆன்ட்டி.

அப்போதுதான் நோயல் வந்தான். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. நாற்காலியை இழுத்து ஆன்ட்டியின் எதிரில் போட்டு, அவர் கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டான்.

"பெரியம்மா, இங்கே தனியா கஷ்டப்படுறீங்க. ஊருக்கு வெளியே ஒரு ஹோம் பார்த்திருக்கேன். நல்ல காத்து. நீங்களா வர்றேன்னு ஒரு கையெழுத்து போட்டாப் போதும்."

"நான் வர்றேன்னு யார் சொன்னா?"

"இன்னைக்கே போடச் சொல்லலையே. தினம் வர்றேன். பேசிக்கலாம்."

தினமும் வந்தான். பழத்தோடு வந்தான். கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டாலே ஆன்ட்டி தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொள்ளத் தொடங்கினார். ஒருநாள் ஐரினிடம், "போட்டுடுவேன்னு பயமா இருக்கு ஐரின். தூக்கக் கலக்கத்துல போட்டுடுவேன்" என்றார்.

அன்று ரெமிஜியஸ்தான் சொன்னார். "நாலரைதானே. நம்ம பணம், உன் வளையல், வேளாங்கண்ணிக்குன்னு எடுத்து வச்சது எல்லாம் சேர்த்தா வந்துடும். நாமளே வாங்கிடலாம். அப்புறம் எவன் வந்து அந்தம்மாவைக் கிளப்ப முடியும்?"

ஐரின் அவரைப் பார்த்தாள். முப்பத்தைந்து வருடத்தில் அவர் மேல் அவ்வளவு பிரியம் அவளுக்கு ஏற்பட்டது இல்லை. நல்ல மனசோடு சொன்ன வார்த்தை அது, பிள்ளைகளே. அதை நீங்கள் நம்ப வேண்டும். நம்பினால்தான் மிச்சத்தைக் கேட்க முடியும்.

பத்திரம் பதிந்தாயிற்று. நோயல் பணத்தை வாங்கிக்கொண்டு தெருவையே மறந்தான். மௌரீன் ஆன்ட்டி இருவரின் தலையிலும் கை வைத்து ஜெபம் சொன்னார். "இனிமே யாரும் வந்து என் வயசைக் கேட்கமாட்டாங்க" என்று சிரித்தார்.

முதலில் ஒரு டேப் வந்தது. ரெமிஜியஸ் அதை வைத்து இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த சுவரை அளந்தார். "ச்சும்மா பார்க்கிறேன். இங்கே நம்ம பீரோ வரும்" என்றார். அடுத்து, ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்கப் போவது நின்றது. அவர் மூலை வீட்டையே எதிர்ச்சாரியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் கிருஷ்ணப்பா ஸ்கூட்டரை நிறுத்தி, "மார்க்கெட் திரும்பிடுச்சு சார். ஐடி கம்பெனிக்காரங்க வர்றாங்க. காலியா மட்டும் இருந்தா இன்னைக்கு ஒன்பது" என்றார். ரெமிஜியஸ் அதை ஐரினிடம் இரண்டு முறை சொன்னார். ஒரே மத்தியானத்தில் இரண்டு முறை.

அக்டோபர் மழையில் அந்த ஓடு மறுபடி சரிந்தது.

"ஏறிப் பாருங்களேன்" என்றாள் ஐரின்.

"ஈரத்துல ஏறினா வழுக்கும்."

மழை விட்டு இரண்டு நாள் வெயில் அடித்தது. "இப்போ ஏறலாமே?"

"ஒவ்வொரு ஓடா எதுக்கு மாத்திக்கிட்டு? அப்புறம் மொத்தமாப் பிரிச்சுப் பண்ணிக்கலாம்."

அப்புறம் என்றால் எதற்கு அப்புறம் என்று அவள் கேட்கவில்லை. ஒரு பேசினைக் கொண்டுபோய்ப் படுக்கை மேல் வைத்தாள். ஆன்ட்டியின் கட்டிலை நகர்த்த முயன்றாள்; பர்மா தேக்கு, அசையவில்லை. ரெமிஜியசைக் கூப்பிடலாம் என்று நினைத்துக் கூப்பிடாமல் விட்டாள். சின்னத்தாயிக்கு இப்போது வேறு வீட்டில் வேலை. வாரத்துக்கு ஒருமுறைதான் எட்டிப்பார்த்தாள். சூப் தினமும் போனது, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் போனது. எப்போது மாறியது என்று ஐரினாலேயே சொல்ல முடியாது.

ஒரு சனிக்கிழமை காலை, மழை கொட்டிக்கொண்டிருந்தபோது அவள் அங்கே போனாள். ஆன்ட்டி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். இருமவில்லை. அதுதான் முதலில் வித்தியாசமாகப் பட்டது. மூச்சு மேலும் கீழுமாக வாங்கிக்கொண்டிருந்தது.

"செருப்பு நுழைய மாட்டேங்குது ஐரின்" என்று காலை நீட்டினார்.

இரண்டு காலும் வீங்கிப் பளபளவென்று இருந்தன. ஐரின் குனிந்து விரலால் அழுத்தினாள். குழி விழுந்தது, விழுந்தபடியே நின்றது. அவள் அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, யோசிக்காமல், யாரும் கேட்காமல், மனசில் நம்பர் வந்து நின்றது: எட்டே முக்கால் லட்சம்.

அவள் சட்டென்று எழுந்தாள். "ஆட்டோ கூப்பிட்டு வர்றேன்" என்று குடையை எடுத்துக்கொண்டு தெருமுனைக்கு வந்தாள். மழையில் ஆட்டோ கிடைப்பது கஷ்டம். ஆனால் உடனே ஒன்று வந்தது, காலியாக. அவளைப் பார்த்து வேகத்தைக் குறைத்தது. டிரைவர் தார்ப்பாயை விலக்கி, "எல்லிகே அம்மா?" என்று கன்னடத்தில் கேட்டார், எங்கே போக வேண்டும் என்று. ஐரின் அவரைப் பார்த்தாள். வாயைத் திறந்து ஆஸ்பத்திரி என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். டிரைவர் ஒரு கணம் காத்திருந்தார். பிறகு, வேறு யாருக்கோ நிற்கிறாள் என்று நினைத்து, தார்ப்பாயை இழுத்துவிட்டுப் போய்விட்டார்.

ஆட்டோ முனை திரும்பப் போகும்போதுதான் ஐரினிடமிருந்து சத்தம் வந்தது. சத்தம் என்றால், தெருவில் இரண்டு ஜன்னல்களைத் திறக்கவைத்த சத்தம். குடையை எறிந்துவிட்டு, செருப்பை உதறிவிட்டு, அறுபது வயதுப் பெண், நடு ரோட்டில் தண்ணீரை இறைத்துக்கொண்டு ஓடினாள்.

ஆட்டோ நின்றது.

டிரைவரும் அவளுமாக மௌரீன் ஆன்ட்டியைத் தூக்கிவந்து உட்காரவைத்தார்கள். ஒரு குழந்தையின் கனம்கூட இல்லை. ஐரின் கதவைப் பூட்டித் திரும்பியபோது ரெமிஜியஸ் அவர்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார், துண்டைத் தலையில் போட்டபடி.

"மழை விட்டதும் போகலாமே? எதுக்கு இவ்வளவு அவசரம்?"

அவள் ஆட்டோவில் ஏறினாள்.

"சரி. சாவியைக் கொடுத்துட்டுப் போ."

"எதுக்கு?"

"உள்ளே தண்ணி ஒழுகுதான்னு பார்க்கிறேன்."

பத்து நாளாக ஒழுகிக்கொண்டிருந்தது. ஐரின் கணவனின் முகத்தைப் பார்த்தாள். கெட்டவன் முகம் என்று எதுவும் அதில் இல்லை. காலையில் தனக்குக் காபி போட்டுக் கொடுத்த அதே முகம்தான். நீட்டிய கையில் மழை விழுந்துகொண்டிருந்தது. தன் முகமும் இப்போது அப்படித்தான் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

மௌரீன் ஆன்ட்டி கண்ணைத் திறக்காமல், அவள் தோளில் சாய்ந்தபடியே கேட்டார்: "யாருகிட்ட இருக்கு சாவி?"

"உங்ககிட்டதான் ஆன்ட்டி."

ஐரின் அதை ஆன்ட்டியின் உள்ளங்கையில் வைத்தாள். வீங்கிய விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, தன் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"போங்கப்பா" என்றாள் டிரைவரிடம்.